கொடையா, கடனா? மலேரியாத் தடுப்பு மருந்து பற்றி ஓர் அறவியல் நோக்கு

மருந்தொன்று புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் போதெல்லாம் அதனை ஒரு கொடையாகப் போற்றுவது உலக வழக்காகிவிட்டது. 2021ஆம் ஆண்டு ஒக்டோபர் 6ஆந் திகதி, மலேரியாவுக்கு எதிரான முதலாவது தடுப்பு மருந்தைக் குழந்தைகளுக்குப் பரவலாக வழங்கலாம் என உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தபொழுதும் இவ்வழக்குத் தவறவில்லை. செல்வ நாடுகளின் விஞ்ஞானம் வறிய கண்டமொன்றின் குழந்தைகளுக்கு அளித்த பரிசு என்ற தொனியே பல இடங்களிலும் கேட்டது. கொடை என்னும் சொல் இனிமையானது. கேட்டவுடன் அதனை ஐயுற எவருக்கும் தோன்றாது. எனினும் சொற்களுக்குள்ளே சமுதாய உறவுகள் உறைந்து கிடக்கின்றன என்பதை நாம் மறத்தலாகாது. கொடுப்போன் மேலே நிற்கிறான். ஏற்போன் கீழே நிற்கிறான். கொடுப்பதும் மறுப்பதும் கொடுப்போனின் விருப்பத்தைப் பொறுத்தவை. ஏற்போனுக்கோ நன்றி கூறும் உரிமையன்றிப் பிறிதோர் உரிமை இல்லை. ஆதலின் இத்தடுப்பு மருந்து உண்மையிலேயே கொடைதானா, அன்றி நெடுங்காலமாகச் செலுத்தப்படாதிருந்த கடனொன்றின் முதற் தவணையா என்ற வினாவை நாம் இங்கு எழுப்ப விரும்புகிறோம். இது சொல்லைப் பற்றிய வழக்குப் போலத் தோன்றினும், அறத்தைப் பற்றிய வழக்கே என்பது போகப்போகப் புலப்படும்.

முதலில் நோயின் பரிமாணத்தை நோக்குவோம். 2023ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 26 கோடியே 30 இலட்சம் பேர் மலேரியாவுக்கு ஆளாயினர் எனவும், 5,97,000 பேர் அதனால் மாண்டனர் எனவும் உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. மாண்டோரில் நூற்றுக்கு 95 பேர் ஆபிரிக்கப் பிராந்தியத்தைச் சேர்ந்தோர். அவர்களுள்ளும் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். குழந்தைகளையே பெரிதும் பலி கொள்ளும் இந்நோயின் காரணம் நேற்று அறியப்பட்டதன்று. 1880ஆம் ஆண்டில் அல்ஜீரியாவின் கொன்ஸ்தந்தீன் நகரிலே பிரெஞ்சு இராணுவ வைத்தியரான லவரான் நோயாளியின் குருதியில் இவ்வொட்டுண்ணியைக் கண்டார். 1897இல் செக்கந்தராபாத்திலே பிரித்தானிய இந்திய மருத்துவ சேவையைச் சேர்ந்த றொனால்ட் றொஸ் நுளம்பின் இரைப்பைச் சுவரில் அதனைக் கண்டார். ஒட்டுண்ணி கண்டறியப்பட்டதற்கும் தடுப்பு மருந்து பரிந்துரைக்கப்பட்டதற்கும் இடையே 141 ஆண்டுகள் கழிந்துள்ளன. இவ்வளவு நீண்ட தாமதத்துக்குக் காரணம் யாது?

முற்போக்குச் சிந்தனையாளர் சிலர், இலாப வேட்டையே காரணம் எனக் கூறி அமைந்துவிடுவர். இவ்விடை எளிது, ஆனால் முழுமையன்று. தாமதத்தின் ஒரு பாதி இயற்கையின் பாற்பட்டது. அதனை மறைத்துப் பேசுவது விஞ்ஞானத்துக்கும் நேர்மையாகாது, எமது கட்சிக்கும் வலுவாகாது. அனோபிலிஸ் இனப் பெண் நுளம்பு கடிக்கையில் அதன் உமிழ்நீருடன் மிகச் சில ஒட்டுண்ணிகளே உடலுட் புகுகின்றன. குறுகிய நேரத்துள் அவை ஈரலை அடைந்து அங்கே மறைந்துகொள்கின்றன. ஏறத்தாழ ஒரு வாரகாலம் மனிதன் எதனையும் உணர்வதில்லை. அதற்கிடையில் ஒவ்வோர் ஒட்டுண்ணியும் பல்லாயிரமாகப் பெருகி, ஈரற் கலங்களை உடைத்துக்கொண்டு குருதியிற் கலந்து, செங்குழியங்களுள் நுழைகின்றது. அங்கும் பெருகிச் செங்குழியங்களை வெடிக்கச் செய்யும்பொழுதே குளிரும் காய்ச்சலும் மனிதனை உலுக்குகின்றன. ஈரலில் ஒரு வடிவம், குருதியில் ஒரு வடிவம், நுளம்பின் வயிற்றில் மற்றொரு வடிவம் என அது மாறிக்கொண்டேயிருக்கிறது. வைரசு பலவற்றுக்குப் பரம்பரையலகுகள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. இவ்வொட்டுண்ணிக்கோ 5,000க்கும் மேற்பட்டவை உள்ளன. தான் குடிபுகுந்த செங்குழியத்தின் மேற்பரப்பில் காட்டும் அடையாளத்தையும் அது காலத்துக்குக் காலம் மாற்றிக்கொள்ளும். ஆகவே உடலின் பிறபொருளெதிரிகள் ஒரு முகத்தை இனங்கண்டு தாக்கத் தொடங்கும்பொழுது, பகைவன் வேறொரு முகத்துடன் நிற்கிறான்.

இன்னுமொன்று இங்கே கருதற்பாலது. சின்னமுத்து ஒருமுறை வந்து நீங்கியவரை மீண்டும் அணுகுவது அரிது. இயற்கையே நிர்ப்பீடனத்துக்கு வழிகாட்டுகிறது; தடுப்பு மருந்து அவ்வழியைப் பின்பற்றினாற் போதும். மலேரியாவோ பன்முறை வந்தாலும் முழுமையான நிர்ப்பீடனத்தைத் தருவதில்லை. இயற்கை செய்து காட்டாத ஒன்றை விஞ்ஞானி செய்து காட்ட வேண்டியிருந்தது. இவ்விடர் எந்தச் சமுதாய அமைப்பின் கீழும் இடரே.

ஆயினும் தாமதத்தின் மறுபாதி சமுதாயத்தின் பாற்பட்டது. 1967ஆம் ஆண்டில் நியூயோர்க்கிலே ரூத் நுசென்ஸ்வைக் என்னும் பெண் விஞ்ஞானி, கதிர்வீச்சினால் நலிவுறச் செய்த ஒட்டுண்ணிகளை எலிகளுக்குச் செலுத்தி, அவ்வெலிகள் பின்னர் நோயிலிருந்து காக்கப்படுவதைக் காட்டினார். நாசிகளின் கொடுமைக்கு அஞ்சி இளமையிலேயே வியன்னாவிலிருந்து பிரேசிலுக்குக் குடிபெயர்ந்த யூதக் குடும்பத்தில் தோன்றியவர் அவர். மலேரியாவுக்குத் தடுப்பு மருந்து இயலும் என்பதற்கு அது நல்ல சான்றாயிற்று. ஒட்டுண்ணியின் மேலுறைப் புரதத்துக்குரிய பரம்பரையலகு 1984இல் பிரித்தெடுக்கப்பட்டது. அப்புரதத்தின் ஒரு பகுதியை ஈரலழற்சி பி வைரசின் மேற்பரப்புப் புரதத்துடன் இணைத்து, 1987ஆம் ஆண்டில் பெல்ஜியத்திலிருந்த மருந்துக் கம்பனியொன்றின் ஆய்வுகூடத்திலே ஆர்.ரி.எஸ்.,எஸ். எனப்படும் மருந்து ஆக்கப்பட்டது. அதனை ஆக்குவதிலும் சோதிப்பதிலும் அக்கம்பனியுடன் கைகோத்து நின்றது அமெரிக்க இராணுவத்தின் வால்டர் ரீட் ஆராய்ச்சி நிறுவனமாகும்.

இராணுவம் ஏன் மலேரியாவில் அக்கறை கொண்டது என்பதை விளக்க வேண்டியதில்லை. வெப்ப மண்டலங்களுக்கு அனுப்பப்படும் போர்வீரர் குண்டினால் விழுவதற்கு முன் காய்ச்சலினால் விழுவதை அது விரும்பவில்லை. மலேரியா ஆராய்ச்சியின் வரலாற்றிற் பெரும் பகுதி பாசறைகளின் வரலாறாகவே அமைந்துள்ளது. லவரான் இராணுவ வைத்தியர். றொஸ் ஏகாதிபத்தியத்தின் மருத்துவ சேவையாளர். சீனாவில் 1967இல் தொடங்கிய மருந்து தேடும் திட்டமும் வியத்நாம் போரின் தேவையிலிருந்தே பிறந்தது. மக்களின் விடுதலைக்காகப் போராடியோரின் பொருட்டு அத்திட்டம் தோன்றியமையும், துயூயூ என்னும் பெண்மணி அதன் வழியே ஆர்ட்டெமிசினினைக் கண்டு 2015இல் நோபெற் பரிசு பெற்றமையும் எமக்கு மகிழ்ச்சி தருவனவே. எனினும் அங்கும் போரே தூண்டுகோலாயிற்று என்பதை ஒப்புக்கொள்ளல் வேண்டும். மண் குடிசையிற் காய்ச்சலுடன் கிடக்கும் குழந்தை எந்தப் பட்டாளத்திலும் சேரப் போவதில்லை. எந்தச் சந்தையிலும் மருந்து வாங்கப் போவதுமில்லை. ஆகவே அக்குழந்தையின் தேவை, தேவைதான் எனினும், பொருளியலார் கூறும் 'கேள்வி' ஆகவில்லை. 1997இல் வெளியான ஆய்வொன்றில், மருந்தின் ஒரு வகையைப் பெற்ற தொண்டர் எழுவரில் அறுவர் காக்கப்பட்டனர். அதன் பின்னரும், 2001ஆம் ஆண்டளவில் அறநிதியொன்றின் துணை வாய்த்த பின்னரே குழந்தைகளுக்கான ஆராய்ச்சி முறையாக முன்னேறியது.

இதனைப் பிறிதொரு நோயுடன் ஒப்பிடுவது பயனுடைத்து. கோவிட் வைரசின் பரம்பரையலகு வரிசை 2020 ஜனவரியில் வெளியாயிற்று. அவ்வாண்டு டிசெம்பரிலேயே இங்கிலாந்து மக்களுக்குத் தடுப்பூசி ஏற்றப்படலாயிற்று. ஓராண்டும் நிரம்பவில்லை. மலேரியா மருந்தோ ஆக்கப்பட்ட நாளிலிருந்து பரிந்துரைக்கப்படும் வரை 34 ஆண்டுகளைக் கடந்தது. வைரசு எளிய பகைவன், ஒட்டுண்ணி கடிய பகைவன் என்பதை முன்னரே கூறினோம். அவ்வேறுபாட்டைக் கழித்த பின்னரும் மிஞ்சி நிற்பது ஒன்றுண்டு. 2020இல் அஞ்சியவர்கள் உலகின் தலைநகரங்களில் வாழ்ந்தோர். அச்சம் யாருடையதோ, அவர்கள் பொருட்டே ஆராய்ச்சி விரைகிறது.

இனி, எமது வினாவின் நடுநாடிக்கு வருவோம். தடுப்பு மருந்தொன்றின் ஆக்கத்தில் மூன்று வகை உழைப்பு உண்டு. அறிஞனின் மூளை உழைப்பு ஒன்று. முதலீட்டாளரின் பணம் என்னும் உருவில் திரண்டிருக்கும் பிறருடைய உழைப்பு மற்றொன்று. இவ்விரண்டும் பதிவேடுகளில் இடம்பெறுகின்றன. விருதுகளும் காப்புரிமைகளும் இவற்றுக்கே உரியன. மூன்றாவது, சோதனைக்கு உட்படும் மனிதனின் உடல். அதன் பங்கைக் கணக்கிலெழுதும் வழக்கம் அருகியே காணப்படுகிறது. றொஸ் 1902இல் நோபெற் பரிசு பெற்றார். சேர் பட்டமும் பெற்றார். அவருடைய நுளம்புகளுக்குத் தன் குருதியை ஊட்டிய நோயாளி ஹுசைன் கான், தன்னைக் கடித்த ஒவ்வொரு நுளம்புக்கும் ஓர் அணா வீதம் கூலி பெற்றார். விஞ்ஞானத்தின் பெருங் கண்டுபிடிப்புகளில் ஒன்றில் வறியவனின் உடலுக்கு இடப்பட்ட விலை அதுவாகும்.

அணாக் கொடுத்தாவது பெற்றார்களே என்று எண்ணத்தக்க கொடுமைகளும் பின்னர் நிகழ்ந்தன. ஜேர்மனியின் டாக்கௌ வதைமுகாமிலே கிளவுஸ் ஷில்லிங் என்னும் மலேரியா நிபுணன், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட கைதிகளுக்கு இந்நோயை வேண்டுமென்றே தொற்றச் செய்தான். மலேரியாவுக்கு நிர்ப்பீடனம் காண்பதே அவனது நோக்கம். பலர் மாண்டனர். 1946இல் தூக்கிலிடப்படுமுன், தன் ஆராய்ச்சியை எழுதி முடிக்க இடந்தருமாறு அவன் நீதிமன்றத்தை வேண்டினான். அறிவின் மீது கொண்ட பற்று அறத்திலிருந்து அறுபடும்பொழுது எத்தகைய உருவம் எடுக்கும் என்பதற்கு இதனிலும் தெளிவான உதாரணம் வேண்டியதில்லை. இதே காலத்தில் அமெரிக்காவின் இலினோய் மாநிலத்து ஸ்ரேற்வில் சிறைச்சாலையிலும் நூற்றுக்கணக்கான கைதிகளுக்கு மலேரியா தொற்றச் செய்யப்பட்டு மருந்துகள் சோதிக்கப்பட்டன. அவர்கள் இணங்கியே உடன்பட்டனர் எனக் கூறப்பட்டது. ஆயினும் நூரெம்பேர்க் வழக்கிலே நாசி வைத்தியர்களின் சார்பில் வாதாடியோர் இச்சோதனைகளையே தமக்குத் துணையாக எடுத்துக் காட்டினர். அவ்வாதம் குற்றத்தைக் குறைக்கவில்லை. எனினும் சிறைக்குள் இருப்பவனின் இணக்கம் எத்துணைச் சுதந்திரமானது என்ற வினா அன்று எழுந்தது, இன்றும் ஓயவில்லை.

இவற்றையும் ஆபிரிக்காவில் நிகழ்ந்த சோதனைகளையும் ஒரே தட்டில் வைப்பது பெருந் தவறாகும். 2009 முதல் 2014 வரை புர்க்கினா பாசோ, காபொன், கானா, கென்யா, மலாவி, மொசாம்பிக், தன்சானியா ஆகிய ஏழு நாடுகளில், பதினொரு நிலையங்களில், 15,459 குழந்தைகள் இறுதிக்கட்டச் சோதனையிற் சேர்க்கப்பட்டனர். பெற்றோரின் ஒப்புதல் பெறப்பட்டது. நோயுற்ற குழந்தைகளுக்குச் சிகிச்சை அளிக்கப்பட்டது. ஆபிரிக்க விஞ்ஞானிகள் பலர் இச்சோதனையை முன்னின்று நடத்தினர். மலேரியா மருந்தைப் பெறாத ஒப்பீட்டுக் குழுவினருக்கும் வெறும் நீர் ஏற்றப்படவில்லை. சற்றே வளர்ந்த குழந்தைகளுக்கு விசர்நாய்க்கடி நோய்க்கான தடுப்பு மருந்தும், பச்சிளங் குழந்தைகளுக்கு மூளைச்சவ்வு அழற்சிக்கான தடுப்பு மருந்தும் வழங்கப்பட்டன. டாக்கௌவிலிருந்து மனிதகுலம் கற்றுக்கொண்ட பாடம் இவ்வேற்பாடுகளிற் பதிந்திருக்கிறது. அறவுணர்வு வரலாற்றில் வளர்கிறது என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

இருந்தும் இரண்டு செய்திகளை நாம் ஆழ்ந்து நோக்குதல் வேண்டும். முதலாவது, ஒப்புதலின் தன்மை. நல்ல வைத்தியசாலைக்கு நெடுந்தூரம் நடக்க வேண்டிய ஊரொன்றில் வாழும் தாய், தன் பிள்ளையைச் சோதனையிற் சேர்த்தால் ஒழுங்கான வைத்தியமும் கவனிப்பும் கிடைக்கும் என அறிவாள். அவள் இணங்குகிறாள். அவளை எவரும் வற்புறுத்தவில்லை. ஆயினும் வறுமை அவளருகே நின்று பேசுகிறது. அவளது இணக்கம் பொய்யானது என நாம் கூறவில்லை. அவ்வாறு கூறுவது அவளுடைய அறிவையும் துணிவையும் இழிவுபடுத்துவதாகும். தன் பிள்ளைக்காகவும் பிறர் பிள்ளைகளுக்காகவும் அவள் ஒரு முடிவு செய்தாள். வேறு வழியுள்ளவள் செய்யும் முடிவும் வழியற்றவள் செய்யும் முடிவும் ஒரே தாளில் ஒரே வகையான ஒப்பமாகவே காணப்படும். ஆதலின் தாளிலுள்ள ஒப்பத்துடன் எமது பொறுப்பு முடிந்துவிட்டதெனக் கருதலாகாது.

இரண்டாவது, ஒப்பீட்டுக் குழுவின் பங்கு. மருந்தின் பயனை எவ்வாறு அளந்தனர்? மருந்து பெற்ற குழந்தைகளுக்கு எத்தனை முறை காய்ச்சல் வந்தது, பெறாத குழந்தைகளுக்கு எத்தனை முறை வந்தது எனக் கணக்கெடுத்து, இரண்டுக்குமுள்ள வேறுபாட்டைக் கண்டனர். ஐந்து மாதம் முதல் பதினேழு மாதம் வரை வயதுடைய குழந்தைகளில், நான்கு முறை மருந்து பெற்றோருக்கு ஏறத்தாழ நான்காண்டுக் காலத்தில் மலேரியா நூற்றுக்கு 36 பங்கு குறைந்தது என்பது முடிவு. இந்த 36 என்னும் எண் எங்கிருந்து வந்தது? மூன்றில் ஒரு பங்காக அமைந்த ஒப்பீட்டுக் குழுக் குழந்தைகளின் காய்ச்சலிலிருந்து வந்தது. அவர்கள் நோயுற்றிராவிடின், மற்றையோர் நோயுறாமையின் பொருள் விளங்கியிராது. அவர்களது நடுக்கமும் வெப்பமும் அட்டவணையில் ஓர் எண்ணாக மாறி, அவ்வெண் மருந்தின் மதிப்பாக மாறி, அம்மதிப்பு இன்று உலகின் பொது அறிவாக நிற்கிறது. அறிவின் மூலப்பொருளை வழங்கியவர்கள் அக்குழந்தைகளே. இதனை நாம் உவமையாகக் கூறவில்லை. கடன் என்று நாம் குறிப்பிடுவது இதனையே. நூல் நூற்றவனுக்கு ஆடையில் உரிமை உண்டென்று கருதும் எவரும், இக்குழந்தைகளுக்கும் இவர்களைப் போன்றோருக்கும் இம்மருந்தில் உரிமை உண்டென்பதை மறுத்தற்கியலாது.

இங்கே ஓர் ஆட்சேபம் எழலாம். கம்பனி தன் பணத்தைச் செலவிட்டது; அறநிதிகள் கோடிக்கணக்கிற் கொடுத்தன; பெரிய இலாபம் எதிர்பாராது, உற்பத்திச் செலவின் மேல் நூற்றுக்கு ஐந்து மட்டுமே வைத்து விற்பதாகவும் கம்பனி வாக்களித்தது; இதன் பின்னரும் கடன் என்று பேசுவது நன்றிகெட்ட செயலாகாதா என்பர். வாதத்தில் உண்மை இல்லாமலில்லை. இம்மருந்துக்காகத் தம் வாழ்நாளைச் செலவிட்ட விஞ்ஞானிகளின் நேர்மையை நாம் ஐயுறவில்லை. ஆனால் ஒரு முறைக்கான மருந்தின் விலை முதலில் 9 யூரோவுக்கும் அதிகமாக இருந்தது; ஒரு குழந்தைக்கு நான்கு முறை ஏற்றப்பட வேண்டும். 2023 முதல் 2025 வரைக்குமென ஒதுக்கப்பட்டது ஒரு கோடியே எண்பது இலட்சம் முறைக்குரிய மருந்து மட்டுமே. ஆபிரிக்க நாடுகளில் குறைந்தது 28 இதனை வேண்டி நிற்க, 12 நாடுகளுக்கே அது பகிரப்பட்டது. எந்த ஊர்க் குழந்தைக்கு முதலில் ஏற்றுவது, எந்த ஊர்க் குழந்தை காத்திருப்பது என முடிவு செய்வதற்கு அறவியல் விதிகளையே வகுக்க வேண்டியதாயிற்று. பஞ்சத்தைப் பங்கிடுவதற்கு நுட்பமான விதிகள் வகுக்கலாம். பஞ்சம் ஏன் வந்தது என்பதை அவ்விதிகள் விளக்கா. 2023 ஒக்டோபரில் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகம் ஆக்கிய ஆர்21 என்னும் இரண்டாவது மருந்து பரிந்துரைக்கப்பட்டது. இந்தியாவின் புனே நகரிலே உற்பத்தியாகும் அதன் விலை 2 முதல் 4 டொலர் வரை எனக் கூறப்பட்டது. உற்பத்தி விரிவடையின் விலை விழும் என்பதையும், விலை என்பது இயற்கை விதி ஆகாதென்பதையும் இது காட்டிற்று.

கடனைச் செலுத்தும்பொழுது நல்ல நாணயத்திலேயே செலுத்தல் வேண்டும் என்பதும் இங்கு வலியுறுத்தற்பாலது. கொலம்பிய நாட்டு விஞ்ஞானியான மனுவேல் பற்றாறோயோ 1980களிலே தம் நாட்டிலேயே எஸ்.பி.எப்.66 என்னும் மலேரியாத் தடுப்பு மருந்தை ஆக்கினார். கம்பனிகளுக்கு விற்காமல் அதன் உரிமையை உலக சுகாதார நிறுவனத்துக்கு இலவசமாகவே வழங்கினார். வறிய நாடொன்றின் விஞ்ஞானி வறியோருக்காகச் செய்த இச்செயல் எம்மனோரின் உள்ளத்தைக் கவராதிருக்க முடியாது. தன்சானியாவில் நிகழ்ந்த சோதனையில் ஓரளவு பயனும் தெரிந்தது. ஆனால் காம்பியாவிலும் தாய்லாந்திலும் நடத்திய சோதனைகளில் அது குழந்தைகளைக் காக்கவில்லை என்பது புலனாயிற்று. அம்மருந்து கைவிடப்பட்டது. நல்ல நோக்கம் மருந்தாகாது. எமது சார்பினர் ஆக்கியது என்பதால் ஒரு மருந்து காய்ச்சலைத் தணிக்காது. வறியோருக்கு உரியது உண்மையான மருந்து. அவர்களின் பெயரால் பேசுவோர் சோதனையின் தீர்ப்பை ஏற்கக் கற்றிருத்தல் வேண்டும்.

இக்காரணம் பற்றியே 2015க்கும் 2021க்கும் இடைப்பட்ட காலத்தை நாம் அவசரப்பட்டுக் கண்டிக்கத் துணியவில்லை. 2015 யூலையில் ஐரோப்பிய மருந்து நிறுவனம் ஆர்.ரி.எஸ்.,எஸ். மருந்துக்குச் சாதகமான கருத்து வழங்கியது. எனினும் சோதனையின்போது மருந்து பெற்ற குழந்தைகளிடையே மூளைச்சவ்வு அழற்சி சற்று மிகுதியாகக் காணப்பட்டமையும், பெண் குழந்தைகளின் இறப்புப் பற்றி எழுந்த ஐயமும் கவலை தந்தன. ஆதலால் 2019இல் மலாவி, கானா, கென்யா ஆகிய நாடுகளில் முன்னோடித் திட்டம் தொடங்கப்பட்டது. காத்திருந்த ஆண்டுகளில் மாண்ட குழந்தைகளை எண்ணுவோர் தாமதத்தைப் பழிப்பர். ஐயத்துக்குரிய மருந்தை ஆபிரிக்கக் குழந்தைக்கு ஏற்றலாமா என்று கேட்போர் அதனைப் போற்றுவர். முன்னோடித் திட்டத்தில் ஒவ்வொரு பெற்றோரிடமும் தனித்தனியே எழுத்து மூலம் ஒப்புதல் பெறப்படாமை பற்றியும் கண்டனம் எழுந்தது. இது வழமையான தடுப்பூசித் திட்டத்தின் பகுதியே என்று மறுமொழி கூறப்பட்டது. எம்மைப் பொறுத்தவரை, ஐயத்தைத் தீர்க்க முனைந்தது சரி; ஐயம் இருப்பதைத் தாய்மாருக்கு முழுமையாக எடுத்துரையாமல் விடுவது சரியாகாது. கடன் கொடுத்தவரிடம் கணக்கை மறைத்தல் முறையன்று. இறுதியில் ஐயங்கள் மெய்ப்படவில்லை. மருந்து பெறும் வயதிலிருந்த குழந்தைகளின் இறப்பு நூற்றுக்கு 13 பங்கு குறைந்ததென அறியப்பட்டது. நூறு சாவுகளில் பதின்மூன்று தவிர்க்கப்படுவது, குழந்தையைப் புதைத்த தாய் எவளுக்கும் சிறிய செய்தியாகத் தோன்றாது.

ஆயினும் முழுமையற்ற கேடயம் முழுமையற்றதே. மருந்தின் வலு காலப்போக்கிற் குறைகிறது. வலையும் வைத்தியமும் நல்லுணவும் இன்றி அது தனித்து நின்று காக்காது. இதற்கு எமது நாட்டின் வரலாறே சான்று பகரும். 1934ஆம் ஆண்டு மழை பொய்த்து, ஓடிய ஆறுகள் குட்டைகளாகத் தேங்கியபொழுது, முன்னர் மலேரியாவை அதிகம் அறியாத ஈரவலயக் கிராமங்களில் அது காட்டுத்தீயெனப் பரவியது. 1934-35ஆம் ஆண்டுகளில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். அன்று கேகாலைப் பகுதிக் குடிசைகளுக்கு மருந்துடன் பருப்பையும் சுமந்து சென்ற சூரியமல் இயக்கத்து இளைஞர்கள், கொயினாவுக்கு முன் சோறு வேண்டும் என்பதைக் கண்ணாரக் கண்டனர். இடதுசாரி இயக்கம் இந்நாட்டு மக்களிடையே வேரூன்றியதற்கு அந்தத் தொண்டும் ஒரு காரணம். 1946 முதல் டி.டி.ரி. தெளிக்கப்பட்டு, 1963இல் நாடு முழுவதிலும் 17 நோயாளர் மட்டுமே காணப்பட்டனர். வெற்றி கைக்கெட்டிவிட்டதென எண்ணித் தெளிப்பும் கண்காணிப்பும் தளர்ந்தன. 1969இலோ நோயாளர் தொகை ஐந்து இலட்சத்தைத் தாண்டியது. பின்னர் பல்லாண்டுக் காலம் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் ஆய்வுகூட ஊழியரும் ஊரூராகச் செய்த பணியினால், உள்நாட்டுப் போர்க் காலத்திலும் முற்றாக நின்றுவிடாத பணியினால், 2012க்குப் பின் உள்நாட்டிலே தோன்றிய மலேரியா ஒழிந்தது. 2016 செப்டெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. இவ்வெற்றி தடுப்பு மருந்து எதுவுமின்றியே பெறப்பட்டது. இலவச வைத்தியமும் எழுத்தறிவும் கடமையுணர்வுள்ள ஊழியரும் இருந்தமையாற் பெறப்பட்டது. ஆபிரிக்காவில் ஒட்டுண்ணியும் நுளம்பும் மிகக் கடியன. எமது வழியை அங்கே அப்படியே பெயர்த்து வைத்தல் இயலாது. ஆதலின் மருந்து வேண்டாம் என்பது எமது கருத்தன்று. ஊசியைக் காட்டி, வைத்தியசாலையையும் வடிகாலையும் உணவையும் மறக்கச் செய்தல் ஆகாது என்பதே எமது கருத்து.

கொடை, கடன் என்ற வேறுபாடு வெறுஞ் சொல்வேறுபாடன்று என்பதை அண்மை நிகழ்ச்சியொன்று தெளிவாக உணர்த்திற்று. வறிய நாடுகளுக்குத் தடுப்பு மருந்து வாங்கி வழங்கும் காவி என்னும் சர்வதேசக் கூட்டமைப்புக்கு இனி நிதி வழங்கப் போவதில்லை என 2025 யூன் மாதத்தில் அமெரிக்க அரசாங்கத்தின் சுகாதார அமைச்சர் அறிவித்தார். ஓர் அமைச்சரின் அறிவிப்பு, எங்கோ ஒரு கிராமத்துக் குழந்தையின் நான்காவது ஊசியை ஐயத்துக்குள்ளாக்கும் வல்லமை பெற்றுள்ளது. கொடையின் இயல்பு அது. கொடுத்த கை எப்பொழுதும் மூடலாம். மூடிய கையைக் கேள்வி கேட்க ஏற்போனுக்கு உரிமை இல்லை. கடனோ அவ்வாறன்று. கடன்பட்டவன் மனம் மாறினான் என்பதற்காகக் கடன் தீர்ந்துவிடாது.

எனவே நாம் கூற விழைவது இதுவே. வறியோரின் உடலிலிருந்து பெற்ற அறிவு வறியோருக்குக் கடமைப்பட்டது. இக்கடமையிலிருந்து மூன்று கோரிக்கைகள் பிறக்கின்றன. சோதனை நடந்த நாடுகளுக்கு மருந்தும், அதனைத் தாமே உற்பத்தி செய்யும் ஆற்றலும் சேரல் வேண்டும். எந்த நோயை ஆராய்வது என்பதைச் சந்தையும் பாசறையும் தீர்மானிக்க விடாது, சாவின் தொகை தீர்மானித்தல் வேண்டும். ஊசியுடன் சேர்ந்து உணவும் வீடும் வைத்தியமும் வருதல் வேண்டும். இவை உடனே கைகூடும் என நாம் மயங்கவில்லை. ஆனால் எமது பாடசாலைகளில் விஞ்ஞானம் கற்பிக்கும் ஆசிரியர், லவரானையும் றொஸையும் பற்றிக் கூறுகையில் ஹுசைன் கானையும் குறிப்பிடலாம். 36 என்னும் எண்ணைக் கரும்பலகையில் எழுதுகையில், அது யாருடைய காய்ச்சல் என மாணவரைக் கேட்கலாம். அவ்வினாவைக் கேட்டுப் பழகிய மாணவன், நாளை வைத்தியனாகவோ விஞ்ஞானியாகவோ அமைச்சனாகவோ வரும்பொழுது, கொடுக்கும் இடத்தில் நிற்பவனாகத் தன்னைக் கருதான். பெற்றதைத் திருப்பிச் செலுத்தும் இடத்தில் நிற்பவனாகவே கருதுவான்.